சீர்த்தட்டில் வந்த போன்

அந்த போனை நான் முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு எவர்சில்வர் தட்டில், இரண்டு சீப்புப் பூவன் பழத்துக்கும் ஒரு டப்பா மைசூர்பாகுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. பெட்டியைச் சுற்றி யாரோ இரண்டு முழம் மல்லிகையைக் கட்டியிருந்தார்கள். அன்று எனக்கு நிச்சயதார்த்தம். பங்குச் சாமியார் மோதிரங்களை மந்திரித்துவிட்டு, மிச்சமிருந்த தீர்த்தத்தை எல்லாத் தட்டுகளின் மேலும் வரிசையாகத் தெளித்துக்கொண்டே போனார். போன் பெட்டியின் மேலும் நாலு சொட்டு விழுந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பதறிப்போய் ஓடிவந்து பட்டு முந்தானையால் அதைத் துடைத்தார். மோதிரத்தை யாரும் துடைக்கவில்லை.

"ஐபோனுங்கோவ்," என்று பின்வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்று மதியம் என்னைப் பற்றிப் பேசியதைவிட அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எந்த மாடல், எத்தனை ஜிபி, எந்தக் கடை என்று சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அதே பேச்சு. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அன்றைக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்பதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

எனக்குப் புதுப் போன் தேவைப்பட்டது உண்மைதான். நாலு வருடம் உழைத்த என் ஆண்ட்ராய்டு போனின் பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். கருமத்தம்பட்டியில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸில் நான் செக்கிங் பார்க்கிறேன். தறிக்குடோன்களில் இருந்து வரும் துணியை விரித்து, எங்கே நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுந்திருக்கிறது, எங்கே குறுக்கே ஓடும் ஊடை விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து, அந்தத் தறிக்காரருக்கே அனுப்பிச் சண்டை போடுவது என் வேலை. டிசைன் பைல்களைப் பென்டிரைவில் வாங்கி, அப்படியே போனில் செருகித் திறந்து பார்ப்பேன். போன் எனக்கு அலங்காரம் இல்லை, கத்திரிக்கோல் மாதிரி ஒரு சாமான்.

ஆனால் போன் மாற்றப்போகிறேன் என்று ஆபீஸில் வாய் திறந்ததுதான் தப்பு. ஐபோன் கட்சி, ஆண்ட்ராய்டு கட்சி என்று கேண்டீனே இரண்டாகப் பிரிந்தது. ஐபோன்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள். டீ குடிக்கும்போது போனை மேஜைமேல் குப்புறப் போட்டு, பின்பக்கம் நமக்குத் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆண்ட்ராய்டுக்காரர்கள் பேசியே சாகடிப்பார்கள். அந்தக் காசுக்கு எங்கள் போனில் எத்தனை கேமரா, எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்று ஒருவர் என் தயிர்சாதம் காய்ந்துபோகும்வரை விளக்கினார். உபயோகப்படுத்தப் போகிறவள் நான். என்னிடம் ஒருத்தராவது, அதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை.

காந்திபுரத்துக் கடையிலும் அதே கதைதான். விற்பனைக்கு நின்றவர் முதலில் என் செருப்பைப் பார்த்தார், அப்புறம்தான் எந்தப் பக்கம் கூட்டிப்போவது என்று முடிவு செய்தார். "மேடத்துக்கு செல்ஃபி முக்கியமுங்களா, ரீல்ஸ் முக்கியமுங்களா?" என்றார். பென்டிரைவ் செருகினால் பைல் திறக்குமா, பழைய போனில் இருக்கும் வாட்ஸாப் பேச்செல்லாம் முழுசாக வந்துவிடுமா என்று கேட்டேன். ஆண்ட்ராய்டில் இருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் சுலபம், கட்சி மாறினால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்றார். "அதெல்லாம் லேடீஸ் யாரும் கேக்கறதில்லீங்க மேடம்," என்று பாராட்டு மாதிரி வேறு சொன்னார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன், மறுபடியும் ஆண்ட்ராய்டுதான், மாசம் பிறந்ததும் என் சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று.

அந்த வாரம் அவர் போன் செய்தார். அவர் என்றால், எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம், அவருக்குக் கோவையில் கம்ப்யூட்டர் வேலை. அதுவரை இரண்டு முறை நேரில் பார்த்திருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தமாட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மீதிக் கதையில் நான் பெரிய புத்திசாலி மாதிரித் தெரிவேன். நான் அப்படியெல்லாம் இல்லை.

"போன் கீது வாங்கிப்போடாதீங்க," என்றார். "எங்க ஊட்டுல அல்லாருமே ஐபோனுங்க. ஒரே மாதிரி இருந்தாத்தான் சௌகரியமுங்க. நானே பாத்து எடுத்துட்டு வாரேன்."

எங்கள் பக்கம் இப்போது இது ஒரு சீர் ஆகிவிட்டது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போன் வைத்துக் கொடுப்பார்கள். புடவை, பூ, பழம், இனிப்பு, போன். கல்யாணம் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக ஒரு விளக்கமும் உண்டு. சித்தப்பா மகளுக்கு வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது. எனக்கு வரும் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக்கூட ஒரு பூரிப்பு. எனக்கு வேண்டாம், நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, "மாப்பளை ஆசையாத் தர்றதை வேண்டாமுன்னா மொகத்துல அடிச்ச மாரி ஆயிருமே கண்ணு," என்றார் அப்பா. முகத்தில் அடிக்காமல் இருப்பதற்காகவே நாங்கள் எத்தனையோ விழுங்குகிறோம். இதையும் விழுங்கினேன்.

நிச்சயம் முடிந்து பெட்டியைப் பிரித்தேன். ஏற்கெனவே பிரித்த பெட்டி. மேலே ஒட்டியிருக்க வேண்டிய தாளைக் காணோம். "உங்களுக்குச் சிரமம் வேண்டாமுன்னு எல்லாம் செட் பண்ணிப்போட்டேனுங்க," என்றார் அவர். என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டும் அவரே போட்டிருந்தார். போனைத் திறக்கும் நம்பர் எங்கள் கல்யாணத் தேதி. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "அது எங்கிட்ட இருக்குதுங்க, நீங்க எதுக்குங்க மண்டைய ஒடச்சுக்கறீங்க," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எவ்வளவு அக்கறை பார் என்று அத்தை என் விலாவில் இடித்தார். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்றும் அவரே யோசனை சொன்னார். ஆபீஸ் வேலை எல்லாம் அதில் இருக்கிறது, மெதுவாக மாற்றிக்கொள்கிறேன் என்று அதை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அப்படியாக இரண்டு போனோடு அலைய ஆரம்பித்தேன், ஒன்று ரப்பர் பேண்டோடு, இன்னொன்று ரோஜா நிறக் கவரோடு.

புதுப் போன் நல்ல போன்தான். பொய் சொல்லக்கூடாது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. பேக் பட்டன் இல்லாமல் முதல் வாரம் திண்டாடினேன், அப்புறம் விரல் பழகிவிட்டது. சில விஷயங்கள்தான் புரியவில்லை. நான் எடுக்காத பட்டுப்புடவைப் படங்கள் நாலைந்து என் போட்டோக்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தன. ஐபோன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, கல்யாணப் பெண் என்று தெரிந்துகொண்டு அதுவாகவே புடவை காட்டுகிறது என்று நினைத்தேன். ஆபீஸில் கேட்டிருந்தால் ஐபோன் கட்சியில் யாராவது ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்க வெட்கம். கட்சி மாறியவள் என்று சிரிப்பார்களே என்று கேட்கவில்லை.

இன்னொன்று. சாயங்காலம் எங்கள் ஊரில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாக அவரிடமிருந்து போன் வரும். "ஊடு வந்துட்டீங்களா?" என்பார். பஸ் தாமதமானால் போனும் தாமதமாக வரும். ஒரு நாள் ஆபீஸில் இருந்து நேராகத் தோழி வீட்டுக்குப் போனேன், யாரிடமும் சொல்லவில்லை. "இன்னிக்கு வேற பக்கம் சோலிங்களா?" என்றார். நான் அதை என்னவென்று நினைத்தேன் தெரியுமா. அன்பு என்று நினைத்தேன். மனசுக்கு மனசு தெரிகிறது என்று தோழியிடம் பெருமை வேறு அடித்தேன். அவள் பாவம், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஊரறியப் படிப்பார்கள். பொள்ளாச்சியில் அவர்கள் பங்கிலும் அதே நாளில் படித்தார்கள். மூன்று ஓலையும் முடிந்தால் பெண் பாதி அந்த வீட்டுக்காரி. முதல் ஓலை முடிந்த புதன்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து கோவையில் ஜவுளி எடுக்கப் போனோம்.

கடையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எங்களைச் சுற்றிப் பட்டு குவிந்து கிடந்தது. மஞ்சள் புடவை ஒன்றை நான் கையில் எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைத் தடவிக்கொண்டே, "மஞ்ச உனக்கு எடுக்காது சாமி," என்றார். "போன வாரம் அந்த மஞ்ச டாப்பு போட்டுப் பாத்தயே, அதே உனக்கு எடுக்கலை. கழுத்து வேற எறக்கம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. போன வாரம் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடை டிரையல் ரூமில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஒரு மஞ்சள் டாப்பைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு படம் எடுத்தேன், ஒன்று பாதி பட்டன் போடுவதற்கு முன் எடுத்தது. பிடிக்கவில்லை, வாங்கவில்லை. யாருக்கும் அனுப்பவில்லை. கூட யாரும் வரவும் இல்லை. அந்த அறையில் நானும் கண்ணாடியும் போனும்தான் இருந்தோம்.

"எந்த டாப்புங்க?" என்றேன். அதற்குள் அவருடைய அக்கா, "பாத்து வெச்ச சேலை இருக்குது, காட்டறேன் இருங்க," என்று பையில் இருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து என் மடியில் வைத்தார். என் போனில் தானாக முளைத்த அதே பட்டுப்புடவைகள். விரலால் தள்ளினேன். நான் எடுத்த துணிப் பழுதுகள், கேண்டீன் சாப்பாடு, அம்மா முகம் கழுவிக்கொண்டு நிற்பது, மஞ்சள் டாப்பு, மறுபடி மஞ்சள் டாப்பு. அதற்கு அடுத்தது நான் டாக்டரிடம் வாங்கிய தைராய்டு மாத்திரைச் சீட்டு, எழுத்து புரியவில்லை என்று மருந்துக்கடையில் பெரிதாக்கிக் காட்டுவதற்காக எடுத்தது.

அவருடைய அம்மா அதையும் எட்டிப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சம் இல்லை. "இதை நேத்தே பாத்தனுங்க கண்ணு. தைராய்டு இருக்குதுன்னு முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல. நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டமுங்க," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருட்டுத்தனமாகப் பார்த்திருந்தால் திருடி என்று திட்டலாம். இவர்கள் தோப்பில் விழுந்த காயைப் பொறுக்குகிற மாதிரி, அவர்களுடையது என்றே பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், அவருடைய அப்பா பார்த்தாரா, அக்கா வீட்டுக்காரர் பார்த்தாரா, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்களா என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. எழுந்து பாத்ரூம் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அவரை நேரில் வரச் சொன்னேன். என் ஆபீஸுக்குப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்தோம். நேராகக் கேட்டேன், உங்களுக்கு இது தெரியுமா என்று.

"தெரியாம என்னங்க, அந்த டேப்லெட்டுலயும் உங்க கணக்கையே நாந்தான செட் பண்ணினேன்," என்றார். "அம்மாவுக்கு உங்களைப் பாக்கோணுமின்னு ஆசைங்க. போட்டோ வந்தாப் பாப்பாங்க, அவ்வளவுதானுங்க. நீங்க எங்க இருக்கறீங்கன்னு தெரிஞ்சா ஒரு நிம்மதிங்க. ஊட்டுல அக்காளுக்கும் அப்படித்தான் வெச்சிருக்கறமுங்க."

"அந்தக் கணக்கை எடுத்துருங்க," என்றேன். "நானே என் பாஸ்வேர்டு போட்டுக்கறேன்."

"ஒரே குடும்பமாகப் போறமுங்க. மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று சிரித்தார்.

"அப்ப உங்க போன் லாக்கு நம்பரைச் சொல்லுங்க."

சிரிப்பு நிற்கவில்லை, சின்னதானது. "என்ற போன்ல ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் இருக்குதுங்களே," என்றார். "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்."

என் போனிலும் ஆபீஸ் சமாச்சாரம் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. அவர் ஒரு வார்த்தைகூட மரியாதை குறையாமல்தான் பேசினார். வாங்க, போங்க, எதுக்குங்க. கடைசியாக, "கல்யாணம் ஆகற வரைக்கும் இப்படியே இருக்கட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க," என்று பஃப்ஸுக்குச் சாஸ் ஊற்றிக்கொண்டார். அந்த ங்க ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் என்னை டீ என்று கூப்பிட்டிருந்தால்கூட இத்தனை அருவருப்பு வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து கணக்கை நானே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வெளியே வருவதற்கும் பாஸ்வேர்டு கேட்டது. என் பெயரில் இருக்கும் கணக்கு, என் கையில் இருக்கும் போன், வெளியே வர அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். சிம்மைப் பிடுங்கிப் பழைய போனில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரையும் உட்காரவைத்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

அத்தைதான் முதலில் பேசினார். "ஒரு செல்போனுக்காக சம்பந்தத்தை உடுவாங்களா? அவங்க உன்னைப் பாக்காம வேற யாரு பாக்கறது? எத்தனை ஊட்டுல புருசங்காரன் பொண்டாட்டி மொகத்தையே பாக்கறதில்லை."

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஓலை வாசிச்சாச்சு கண்ணு," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். "அந்த போனை வேண்டாமுன்னு குடுத்துபோட்டு, உனக்குப் புடிச்சதை வாங்கிக்க. கல்யாணம் எதுக்கு நிக்கோணும்?"

போன் மாற்றினால் போதும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஐபோன் பிடிக்கவில்லை, ஆண்ட்ராய்டு வாங்கிக்கொடுத்தால் பெண் சமாதானம் ஆகிவிடுவாள் என்று. அவரிடம் எப்படிச் சொல்வது. எந்தப் போன் வாங்கினாலும் மாப்பிள்ளை வந்து செட் பண்ணித்தான் தருவார். போனுக்குச் சிம் மாற்றலாம், கட்சி மாற்றலாம். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் நான் தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவுகூட இருக்காது என்பதுதான் விஷயம். இதை இவ்வளவு தெளிவாக அன்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அழுதேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த டாப்பு நீ எங்க போட்டுப் பாத்தே?"

"டிரையல் ரூம்லம்மா. கதவு சாத்திட்டு."

அம்மா எழுந்து போய் ரோஜா நிறக் கவரைக் கழற்றி, போனைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, சார்ஜர் வயரையும் சுருட்டி வைத்து, அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க," என்றார். அம்மா அப்பாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை நான் பங்கு ஆபீஸுக்குப் போனேன். நாளைக்கு இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம், தடை இருக்கிறது என்றேன். யார் தடை சொல்வது என்று சாமியார் கேட்டார். நான்தான் என்றேன். போன் விஷயத்தை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேற யாரையாச்சும் மனசுல நெனச்சிருக்கறயாம்மா? தைரியமாச் சொல்லலாம்," என்றார்.

அதே கேள்விதான் எல்லாரும் கேட்டார்கள், நேராகக் கேட்டதற்கு அவருக்கு நன்றி. ஓலை நின்றது தெரிந்ததும் ஊரே என் பழைய போனைப் பற்றித்தான் பேசியது. அதை ஏன் எக்ஸ்சேஞ்சில் போடவில்லை, அதில் யார் இருக்கிறான் என்று. அதில் இருந்தவை கருமத்தம்பட்டித் தறிகளில் விழுந்த அத்தனை ஓட்டையும் கிழிசலும்தான். காட்டட்டுமா என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டவா முடியும். கோயிலில் என் பக்கத்து இருக்கை இரண்டு மூன்று வாரம் காலியாகவே இருந்தது.

பொள்ளாச்சிக்கு அப்பா தனியாகத்தான் போனார். பெட்டியைக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பினார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அம்மாவிடம் சொல்லி அம்மா என்னிடம் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக உட்காரவைத்து, "தைராய்டு இருக்கற பொண்ணுன்னு தெரிஞ்சும் நாங்க ஒண்ணும் சொல்லலீங்களே," என்றாராம். அதைக் கேட்டதும் அப்பா எழுந்து வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா என்னிடம், "நீ செஞ்சது செரிதான் கண்ணு," என்றார். அவர் வாயில் இருந்து அது வர எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மறுபடி அழுதேன்.

மாசம் பிறந்ததும் போன் வாங்கப் போனேன். அப்பாவும் கூட வந்தார். அதே காந்திபுரத்துக் கடை. இந்த முறை அந்த விற்பனைக்காரர் கேட்பதற்கு முன் நானே பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆண்ட்ராய்டுதான். ஐபோன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது சொன்னதைச் செய்தது, சொன்ன ஆள் நான் இல்லை என்பதுதான் குறை. பெட்டியை என் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன். செட் பண்ணித் தரட்டுமா மேடம் என்றதற்கு, வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அது கேட்ட ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன். பெயர், கணக்கு, பாஸ்வேர்டு, எங்கே இருக்கிறாய் என்று யாருக்காவது தெரிய வேண்டுமா, வேண்டாம். கடைசியில் ஆறு இலக்கத்தில் லாக் நம்பர். போட்டு முடித்துத் தலையை நிமிர்த்தினால் அப்பா எதிரில் நிற்கிறார். கையில் அவருடைய பாக்கெட் டைரி, பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது.

"லாக்கு நம்பரைச் சொல்லு அம்மணி, எழுதி வெச்சுக்கறேன்," என்றார். "அவசரமுன்னா வேணுமல்ல."

அந்த டைரியை நான் பார்த்திருக்கிறேன். கேஸ் நம்பர், கரண்ட் பில் நம்பர், ரேஷன் கார்டு நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் தம்பியின் லாக் நம்பர் அதில் கிடையாது. அவனுக்கு எனக்கு முன்பே போன் வந்துவிட்டது. அவனிடம் யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

பேக்கரியில் அவரிடம் கேட்டேன், பங்கு ஆபீஸில் போய்ச் சொன்னேன், ஊர் வாயையும் தாங்கினேன். இதோ, எனக்காகப் பொள்ளாச்சி வரை போய் அவமானப்பட்டுத் திரும்பிய மனிதர், பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சொல்லமாட்டேன் அப்பா என்று இரண்டு வார்த்தை. அது வரவில்லை. முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமே.

ஆறு இலக்கம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, "செரிதானுங்களா?" என்றார்.

"செரிங்கப்பா," என்றேன். அது என் நம்பர் இல்லை.

இத்தனை மாதமாகியும் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. போட்டுப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. இல்லை, போட்டுப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகச் சும்மா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.